போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் ஊர்ப் பெற்றோரிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. பாமசியில் இருமல் பாணி வாங்கும்போது, காசைக் கொடுப்பதற்கு முன், "இதில் மதுசாரம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். சிலர் போத்தலைத் திருப்பித் தாங்களே பார்ப்பார்கள். சில இருமல் பாணிகளில் எத்தனோல் கரைப்பானாகச் சேர்க்கப்படுவது உண்மைதான். ஆகவே அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் "இல்லை" என்ற பதில் கிடைத்தவுடன் போத்தல் பைக்குள் போய்விடுகிறது. அதே லேபலில், அதே சிறிய எழுத்தில் இன்னும் மூன்று நான்கு பெயர்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் கேட்பதில்லை.

கொத்மலையில் இருமலுக்குப் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கிவிட்டால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். வெயில் காணாத கம்பளி, சுவரில் படரும் பூஞ்சணம், விறகடுப்புப் புகை, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு அங்குள்ள தூசி என்று இருமலைக் கிளப்பக் காரணங்கள் பல. ஆகவே எல்லா இருமலும் தடிமனால் வருவதல்ல. சளி இல்லாத வறட்டு இருமல், அடுக்கடுக்கான தும்மல், மூக்கால் தண்ணீராக ஓடுதல், கண் அரிப்பு ஆகியவை சேர்ந்து வந்து, காய்ச்சல் மட்டும் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் ஒவ்வாமையாகத்தான் இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்கென்றே விற்கப்படுவதுதான் கூட்டு மருந்துப் பாணி. ஒரு போத்தலுக்குள் பல மருந்துகள்.

அந்த மருந்துகள் எவை? போத்தலின் பின்பக்கத்தில் "ஒவ்வொரு 5 மில்லிலீற்றரிலும்" என்று தொடங்கும் பகுதியைப் பாருங்கள். வறட்டு இருமலுக்கான பாணிகளில் அடிக்கடி காணப்படும் பெயர் டெக்ஸ்ட்ரோமெதோர்பன். உயர்தர உயிரியலில் நாங்கள் படிக்கும் நீள்வளைய மையவிழையத்தில்தான் இருமலைக் கட்டுப்படுத்தும் மையம் இருக்கிறது. இந்த மருந்து அங்கே போய் இருமும் உந்தலைக் குறைக்கிறது. தொண்டையையோ நுரையீரலையோ அது குணமாக்குவதில்லை. இரண்டாவது பெயர் குளோர்பெனிரமின். ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின் வேலை செய்யாதபடி தடுப்பது இது. தும்மலும் மூக்கு ஒழுகலும் குறைவது இதனால்தான். மூன்றாவது பினைல்எப்ரின். இது குருதிக்குழாய்களைச் சுருக்கி மூக்கடைப்பை நீக்குவதற்காகச் சேர்க்கப்படுவது. சில பாணிகளில் நான்காவதாகப் பரசிட்டமோலும் இருக்கும்.

மூன்றாவதைப் பற்றி ஒரு சுவையான விடயம். வாய்வழியாகக் குடிக்கும் பினைல்எப்ரின் மூக்கடைப்புக்குப் பயன் தருவதில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டெம்பரில் ஏகமனதாக முடிவு செய்தது. 2024 நவம்பரில் அதை அந்நாட்டின் கடை மருந்துகளிலிருந்து நீக்குவதற்கான முன்மொழிவும் வந்தது. எத்தனை வருடங்களாக உலகம் முழுவதும் மக்கள் இதைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்திருப்பார்கள்! லேபலில் பெயர்கள் அதிகமாக இருந்தால் மருந்து அதிக பலம் என்று நினைக்கிறோம். அப்படியல்ல.

கூட்டு மருந்தில் நடக்கும் பெரிய ஆபத்து இரட்டிப்பு. ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள். ஒருவருக்குக் காலையில் தும்மல், ஒரு பிரிட்டோன் குடிக்கிறார். மேல் வலிக்கிறது, இரண்டு பனடோல். மாலையில் இருமல் விடவில்லை, பாணியில் இரண்டு கரண்டி. மூன்று நோவுக்கு மூன்று மருந்து குடித்ததாகத்தான் அவர் நினைப்பார். ஆனால் பிரிட்டோன் என்பதே குளோர்பெனிரமின். அது பாணியிலும் இருக்கிறது. பனடோல் என்பதே பரசிட்டமோல். அதுவும் அந்தப் பாணியில் இருந்தால் இரண்டுமே இரட்டிப்பு. வளர்ந்த ஒருவருக்குப் பரசிட்டமோல் ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அதாவது 500 மி.கி. மாத்திரையில் எட்டு. பாணியில் உள்ளதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லை தாண்டினால் பாதிக்கப்படுவது ஈரல்.

பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். மருந்தின் உண்மையான பெயர் பின்பக்கத்தில்தான் இருக்கும். நம் நாட்டில் இந்த வேறுபாட்டை வலியுறுத்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தை வர்த்தகப் பெயரால் அல்லாமல் பொதுப் பெயரால் அறிய வேண்டும், தேவையில்லாத மருந்துகளைக் குறைக்க வேண்டும் என்று அவர் 1970களில் பாடுபட்டார். ஒசுசல மருந்துக் கடைகளை நடத்தும் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவர்தான். பிரிட்டோனும் பாணியும் ஒரே மருந்தைக் கொண்டவை என்பது பொதுப் பெயரைப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

குளோர்பெனிரமின் மூளைக்குள்ளும் போவதால் நித்திரை வரும். இரவில் அது பரவாயில்லை, சிலருக்கு உதவியும்கூட. ஆனால் ரம்பொடை வளைவுகளில் ஓட்டோ ஓட்டும் வாப்பாவுக்கும் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் அது ஆபத்து. பரீட்சை எழுதப் போகும் எங்களுக்கும் உதவாது. நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுந்து பாணியைக் குடித்துவிட்டு, முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்ப்பவர்களை வகுப்பில் பார்த்திருக்கிறேன். பகலில் விட்ட வேளைகளையும் சேர்த்து நோன்பு துறந்த பின் அடுத்தடுத்துக் குடிப்பது அதைவிட மோசம். இரண்டு வேளைக்கு இடையில் விட வேண்டிய மணித்தியாலங்கள் நோன்புக்காகக் குறைவதில்லை. நித்திரை குறைவாக வரும் ஒவ்வாமை மாத்திரைகளும் இருக்கின்றன. லொரட்டடின், செற்றிரிசின் போன்றவற்றை ஒரு நாளைக்கு ஒரு முறை எடுத்தால் போதும். இவை உங்களுக்குப் பொருந்துமா என்று மருந்தாளரிடம் கேட்கலாம். ஆனால் பாணியோடு சேர்த்து எடுக்கக் கூடாது, அதுவும் இரட்டிப்புத்தான்.

இனி முதியவர்கள். எங்கள் உம்மம்மாவுக்கு மூன்று மாதமாக வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, இரவில் தொண்டைக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும் என்பார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம், இரண்டு போத்தல் பாணியும் முடிந்தது. கிளினிக் நாளில் வைத்தியர் கொப்பியைப் புரட்டி, பிரஷருக்குக் கொடுக்கப்பட்டிருந்த எனலாபிரில் மாத்திரையை லொசார்டனாக மாற்றினார். சில வாரங்களில் இருமல் போய்விட்டது. எனலாபிரில், கப்டோபிரில், லிசினோபிரில் என்று '-பிரில்' என முடியும் மாத்திரைகள் சிலருக்கு இப்படி வறட்டு இருமலைத் தரும் என்று அன்றுதான் அறிந்தோம். இது அரிதான பக்கவிளைவு அல்ல. வேடிக்கை என்னவென்றால், குருதிக்குழாய்களைச் சுருக்கும் பினைல்எப்ரின் குருதியமுக்கத்தைக் கூட்டக்கூடியது. அமுக்கத்தைக் குறைக்கக் குடித்த மாத்திரையால் வந்த இருமலுக்கு, அமுக்கத்தைக் கூட்டும் மருந்தைக் குடிப்பதாகிவிடும். (இதை வாசித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். அது இருமலைவிடப் பெரிய ஆபத்து. கிளினிக்கில் சொல்லுங்கள்.) சீனி வருத்தம் உள்ளவர்கள் பாணியில் சீனி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் அமுக்க நோய் உள்ளவர்களும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் வயதான ஆண்களும் குளோர்பெனிரமினைத் தவிர்ப்பது நல்லது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் டெக்ஸ்ட்ரோமெதோர்பன் குடிக்கவே கூடாது. புளுவொக்ஸற்றீன் போன்ற மாத்திரைகளோடு அது சேர்ந்தால் நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரை கொண்டுபோகலாம். இப்படியான மாத்திரை எடுப்பதை வீடுகளில் வெளியே சொல்வதில்லை. மருந்தாளரிடமாவது சொல்ல வேண்டும்.

சிறு பிள்ளைகளின் விடயத்தில்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். 2025 செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், சிந்த்வாரா மாவட்டத்தில், 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பெரும்பாலானோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களுக்கு வந்தது சாதாரணத் தடிமனும் இருமலும்தான். கொடுக்கப்பட்டது 'கோல்ட்ரிஃப்' என்ற பாணி. தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா தயாரித்தது அது. தமிழ்நாட்டு அரசின் ஆய்வுகூடம் அந்தத் தொகுதியைச் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கோல் இருந்தது. போத்தலில் ஏறக்குறைய பாதி நஞ்சு. அந்த நிறுவனத்தின் உரிமம் அதே ஒக்டோபரில் இரத்துச் செய்யப்பட்டது.

டைஎத்திலீன் கிளைக்கோல் எப்படி மருந்துக்குள் வருகிறது? பாணியில் மருந்துகளைக் கரைப்பதற்குப் புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின் போன்ற திரவங்கள் தேவை. டைஎத்திலீன் கிளைக்கோலும் அவற்றைப் போலவே நிறமில்லாத, இனிப்பான, தடித்த திரவம். ஆனால் அது தொழிற்சாலைப் பாவனைக்கானது, விலையும் குறைவு. மூலப்பொருளைச் சோதிக்காமல் பயன்படுத்தும் இடங்களில் இது உள்ளே வந்துவிடுகிறது. 1937 இல் அமெரிக்காவில் ஒரு சல்பா மருந்துத் திரவத்தில் இதே பொருள் கலந்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். 2022 இல் காம்பியாவில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது உலக சுகாதார அமைப்பு எச்சரித்ததும் இதே நஞ்சைக் கொண்ட பாணிகளைப் பற்றித்தான்.

இதுவரை லேபலை வாசியுங்கள் என்று எழுதி வந்தேன். இந்த நஞ்சின் பெயர் எந்த லேபலிலும் இருக்காது. மணத்தாலோ சுவையாலோ நாங்கள் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே பதிவுபெற்ற பாமசியில், பற்றுச்சீட்டோடு, முத்திரை உடையாத போத்தலாக வாங்குவதும், தொகுதி இலக்கம் உள்ள பெட்டியை மருந்து முடியும்வரை வைத்திருப்பதும்தான் நம் கையில் இருப்பவை. பாணி குடித்த பிள்ளை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, நின்றாலோ, வாந்தியும் வயிற்று நோவும் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாணி தேவைப்பட்டதா? கோல்ட்ரிஃப் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின், பரசிட்டமோல் கலந்த ஒரு கூட்டு மருந்து. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2023 டிசெம்பரிலேயே அறிவித்திருந்தார்கள். பிரித்தானியாவில் 2009 முதல், கடையில் வாங்கும் இத்தகைய இருமல், தடிமன் மருந்துகள் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை. சிறுவர்களின் சாதாரண இருமலைப் பாணி சீக்கிரம் மாற்றுகிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை என்பதே காரணம். பெரியவர்களின் போத்தலிலிருந்து "அரைக் கரண்டி" கொடுப்பது அளவும் அல்ல, மருந்தும் அல்ல. இழுப்பு உள்ள பிள்ளையென்றால் இன்னும் கவனம். இரவில் வரும் வறட்டு இருமல் ஆஸ்துமாவின் அறிகுறியாக இருக்கலாம். பாணி சத்தத்தைத்தான் அடக்கும், சுவாசக்குழாய் சுருங்கியே இருக்கும்.

பாணிக்குப் பதிலாக என்ன கொடுப்பது? ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும்முன் அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை தேன் கொடுக்கலாம். சூரா அந்நஹ்லில் தேனைப் பற்றிச் சொல்லப்பட்டிருப்பதை நாங்கள் சிறு வயது முதல் அறிவோம். இருமலுக்குத் தேன் உதவுவதை இன்றைய ஆய்வுகளும் ஏற்கின்றன. ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டியூலிசக் கிருமியின் வித்துக்களைச் சமாளிக்க அந்தக் குடல் இன்னும் முதிரவில்லை. இளஞ்சூட்டில் தண்ணீர், மூக்குக்கு உப்பு நீர்த் துளிகள், புகையில்லாத அறை. கம்பளியையும் தலையணையையும் வெயில் வரும் நாளில் வெளியே போடுங்கள். கொத்மலையில் அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பாணி குடித்தே ஆக வேண்டிய வளர்ந்தவர்கள் கரண்டியைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஆய்வுகூடத்தில் வீட்டுத் தேக்கரண்டிகள் சிலவற்றை நீரால் நிரப்பி அளவுச்சாடியில் ஊற்றிப் பார்த்தோம். ஒன்று 5 மில்லிலீற்றரை எட்டவே இல்லை, இன்னொன்று தாண்டிவிட்டது. மேசைக்கரண்டி என்றால் 15 மில்லிலீற்றர், மூன்று மடங்கு. போத்தலோடு வரும் அளவு மூடியைப் பாவியுங்கள். அது தொலைந்திருந்தால் ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சை பாமசியில் கேட்டு வாங்கலாம். சளி உள்ள இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெதோர்பன் வேண்டாம். வெளியே வர வேண்டிய சளி உள்ளேயே தங்கும். சில போத்தல்களில் அதனோடு சளியை இளக்கும் குவைபெனசினோ அம்ப்ரொக்ஸோலோ சேர்ந்தே இருக்கும். ஒன்று சளியை இளக்குகிறது, மற்றது அதை வெளியேற்றும் இருமலை நிறுத்துகிறது. இதை ஏன் சேர்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மூச்சு வாங்கினால், நெஞ்சு நோவு இருந்தால், சளியில் இரத்தம் தெரிந்தால், காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் பாணியை வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். அரச மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் சளிப் பரிசோதனை இலவசம். இதைச் சொன்னால் சிலர் வெட்கப்படுகிறார்கள், லயங்களிலும் சரி, எங்கள் வீதிகளிலும் சரி. போகும்போது அதுவரை குடித்த போத்தலையும், வீட்டில் குடிக்கும் மற்ற மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.