மீயொலிவேகத் தாரை இரைச்சல்

மீயொலிவேகத் தாரை இரைச்சல் என்பது, ஒரு குழல்முனையிலிருந்து ஒலியை விட விரைவாக வெளியேறும் வளிமத் தாரை எழுப்பும் ஒலியைக் குறிக்கும். போர் வானூர்திகளின் தாரைப் பொறிகள், 1976 முதல் 2003 வரை பயணிகள் சேவையில் இருந்த கான்கார்ட் வானூர்தியின் பொறிகள், விண்கலங்களை ஏவும் ஏவூர்திகள் ஆகியவை புறப்படும்போது எழுப்பும் பேரிரைச்சலுக்கு இதுவே முதன்மைக் காரணமாகும். இவ்விரைச்சல் கலப்பு இரைச்சல், அதிர்ச்சி அலை இரைச்சல், கீச்சொலி என மூன்று கூறுகளைக் கொண்டது. இவை ஒவ்வொன்றும் தோன்றும் விதமும் பரவும் திசையும் வேறானவை. ஆதலால் ஒன்றைக் குறைக்கும் வழி மற்றொன்றையும் குறைக்கும் என்று சொல்ல இயலாது.

வானூர்தி ஒலியை விட விரைவாகப் பறக்கும்போது நிலத்தில் கேட்கும் ஒலி முழக்கம் இதனின்றும் வேறானது. வானூர்தி ஓடுபாதையில் அசையாமல் நின்றாலும், அதன் தாரை ஒலிவேகத்தைத் தாண்டி இரைச்சலை எழுப்பக்கூடும்.

கலப்பு இரைச்சல்

விரைந்து செல்லும் தாரையும் அதனைச் சூழ்ந்துள்ள அமைதியான காற்றும் உராயும் எல்லையில் கொந்தளிப்பு உண்டாகின்றது. அங்கு தோன்றும் சிறிதும் பெரிதுமான சுழிகள் அழுத்த மாற்றங்களை ஏற்படுத்துகின்றன. இம்மாற்றங்களின் ஒரு சிறு பகுதி ஒலியாக வெளியே பரவுகின்றது. மீயொலிவேகத் தாரைகளிலும் இவ்வாறு ஒலியாக மாறுவது தாரையின் இயக்க ஆற்றலில் ஏறத்தாழ 1 விழுக்காடோ அதற்கும் குறைவோ ஆகும்.

பிரித்தானியக் கணிதவியலாளர் ஜேம்சு லைட்ஹில் 1952 இல் வெளியிட்ட கோட்பாடு இத்துறைக்கு அடித்தளமாக அமைந்தது. அதன்படி, குறையொலிவேகத் தாரையின் ஒலித்திறன் தாரை வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு நேர் விகிதத்தில் அமையும். வேகம் இரு மடங்கானால் ஒலித்திறன் 256 மடங்காகும்; இது 24 டெசிபெல் உயர்வாகும். மிக உயர்ந்த வேகங்களில் இவ்வளர்ச்சி தணிந்து, ஏறத்தாழ மூன்றாம் அடுக்கு விதியைப் பின்பற்றுகின்றது.

தாரை மேலும் விரைவாகும்போது புதியதொரு நிகழ்வு தோன்றுகின்றது. பெரிய சுழிகள் தாரையின் வேகத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேகத்துடன் நகர்கின்றன. இவ்வேகம் புறக்காற்றின் ஒலிவேகத்தை மிஞ்சினால், விரைந்து செல்லும் படகு நீரில் இருபுறமும் அலைகளை எழுப்புவது போல, சுழிகளும் காற்றில் சாய்வான அலைகளை எழுப்புகின்றன. இவை மாக் அலைகள் எனப்படும். எடுத்துக்காட்டாக, தாரையின் வேகம் புறக்காற்றின் ஒலிவேகத்தைப் போல் இரு மடங்காயின், சுழிகளின் வேகம் அதன் 1.4 மடங்காகும். அப்போது மாக் அலைகள் தாரை செல்லும் திசைக்குச் சுமார் 44 பாகை கோணத்தில் பரவும். ஆகவே பொறியின் பின்புறம், சற்று விலகி நிற்பவருக்கே இந்த இரைச்சல் மிகுதியாகக் கேட்கும்.

அதிர்ச்சி அலை இரைச்சல்

குழல்முனையை விட்டு வெளியேறும் வளிமத்தின் அழுத்தம் சுற்றுப்புற அழுத்தத்துக்குச் சமமாக இல்லாவிடில், தாரை மாறி மாறி விரிந்தும் சுருங்கியும் செல்கின்றது. இதனால் தாரைக்குள் அதிர்ச்சி அலைகள் வரிசையாகச் சிற்றறைகள் போல அமைகின்றன. போர் வானூர்திகளின் பின்னெரிப்பு இயங்கும்போது தாரையில் ஒளிரும் வைர வடிவங்கள் இவையே.

கொந்தளிப்புச் சுழிகள் இவ்வறைகளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி பிறக்கின்றது. இவ்வொலி பரந்த அதிர்வெண் நெடுக்கத்தைக் கொண்டது. கலப்பு இரைச்சல் பின்புறமாக ஓங்கியிருக்க, அதிர்ச்சி அலை இரைச்சல் பக்கவாட்டிலும் முன்புறத்திலும் தெளிவாகக் கேட்கின்றது. இதன் உச்ச அதிர்வெண் கேட்பவரின் இடத்தைப் பொறுத்து மாறும். பொறியின் முன்புறத்தில் மிகக் குறைவாகவும், பின்புறம் நோக்கிச் செல்லச் செல்ல உயர்வாகவும் இருக்கும்.

கீச்சொலி

கீச்சொலி ஒரே அதிர்வெண்ணில் உரத்து ஒலிப்பது. இது தோன்றும் விதத்தை ஆலன் பவல் 1953 இல் விளக்கினார். இது ஒரு பின்னூட்டச் சுழற்சியாகும். குழல்முனையின் விளிம்பில் தோன்றும் சிறு குலைவு தாரையுடன் சென்று வளர்கின்றது. அதிர்ச்சி அறைகளைச் சந்தித்து ஒலியை எழுப்புகின்றது. அவ்வொலி தாரைக்கு வெளியே எதிர்த்திசையில் பயணித்து விளிம்பை அடைந்து, அடுத்த குலைவைத் தூண்டுகின்றது.

இதன் அதிர்வெண்ணை எளிதாக மதிப்பிடலாம். ஓர் அறையின் நீளம் 0.5 மீட்டர் எனவும், சுழிகளின் வேகம் விநாடிக்கு 400 மீட்டர் எனவும் கொள்வோம். சுழி அறையைக் கடக்க 1.25 மில்லிவிநாடி ஆகும். விநாடிக்கு 340 மீட்டர் வேகமுள்ள ஒலி அத்தொலைவைத் திரும்பிக் கடக்க 1.47 மில்லிவிநாடி ஆகும். ஒரு சுற்றுக்கு 2.72 மில்லிவிநாடி ஆவதால், அதிர்வெண் ஏறத்தாழ 370 ஏர்ட்சு ஆகும். அறை நீளமானால் சுருதி தாழும். கீச்சொலி வானூர்தியின் உலோகப் பாகங்களை இடைவிடாது அதிரச் செய்து அவற்றில் விரிசலை உண்டாக்கவும் வல்லது.

விளைவுகள்

தொழிலிடங்களில் 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரையாகும். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகும். அதன்படி 115 டெசிபெல் ஒலிக்கு அரை நிமிடம் கூடக் கிடையாது. வானூர்தி தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் பணிபுரிவோர், தாரைப் பொறிக்கு அருகில் 140 டெசிபெல்லையும் தாண்டும் இரைச்சலுக்கு ஆளாகின்றனர். எனவே அவர்கள் காதடைப்பானையும் காதுறையையும் ஒருங்கே அணிகின்றனர். அவ்வாறு அணிந்தாலும் மண்டையோட்டு எலும்பின் வழியாக ஒலி உட்காதை அடைவதால், முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

கான்கார்ட் வானூர்தி புறப்படும்போது எழுந்த இரைச்சலுக்கு நியூயார்க்கில் கடும் எதிர்ப்பு இருந்தது. நீதிமன்ற வழக்குக்குப் பின்னர் 1977 நவம்பரில்தான் அந்நகருக்கான சேவை தொடங்கியது.

குறைக்கும் முறைகள்

தாரையின் வேகத்தைக் குறைப்பதே மிகச் சிறந்த வழியாகும். இன்றைய பயணிகள் வானூர்திகளின் பொறிகள் பெருமளவு காற்றை மெதுவாகத் தள்ளுவதால் அமைதியாக இயங்குகின்றன. ஆனால் இதற்கு அகன்ற பொறி தேவை. அது மீயொலிவேகப் பறத்தலில் காற்றுத் தடையைப் பெருக்கும் என்பதால், போர் வானூர்திகளுக்கு இவ்வழி முழுமையாகப் பொருந்துவதில்லை.

குழல்முனையின் அளவை மாற்றி வெளியேறும் அழுத்தத்தைச் சுற்றுப்புற அழுத்தத்துடன் இணைத்தால் அதிர்ச்சி அலை இரைச்சலும் கீச்சொலியும் தணியும். மாக் அலைகள் நீங்கா. முனையின் விளிம்பைப் பற்கள் போல வெட்டி அமைப்பது கலப்பை விரைவுபடுத்தி இரைச்சலைக் குறைக்கும். எனினும் உந்துவிசை சிறிது இழக்கப்படும். ஏவுதளங்களில் ஏவூர்தியின் தாரைக்குள் பெருமளவு நீர் பாய்ச்சப்படுகின்றது. கென்னடி விண்வெளி மையத்தில் விண்ணோடங்களை ஏவும்போது இதற்கென ஏறத்தாழ 11 இலட்சம் லிட்டர் நீர் பயன்படுத்தப்பட்டது.