தாயிழந்த யானைக் கன்றுகள்

கேகாலைப் பகுதியிலுள்ள பின்னவலையில், மகா ஓயாவை அண்டிய தென்னந்தோப்பொன்றில், ஐந்து யானைக் கன்றுகளுடன் 1975ஆம் ஆண்டில் வனசீவராசிகள் திணைக்களம் ஓர் அநாதை இல்லத்தை நிறுவியது. தாயை இழந்தும் குழிகளில் வீழ்ந்தும் தவித்த கன்றுகளுக்கு அது புகலிடமாயிற்று. கண்ணிவெடியில் முன்னங்காற் பாதத்தை இழந்த ‘சாமா’வும் இங்கேதான் வந்து சேர்ந்தாள். மனிதர் மூட்டிய போருக்கு வாயில்லா உயிரும் இலக்காயிற்று! 1984இல் இங்கு முதற் கன்று பிறந்தது. 2021இல் இரட்டைக் கன்றுகளும் பிறந்தன.

எனினும், மனிதரோடு பழகிவிட்ட யானை மீண்டும் காட்டு வாழ்வுக்குத் திரும்புதல் அரிது. இக்குறையை உணர்ந்தோர் 1995இல் சப்பிரகமுவாவின் தென் எல்லையிலுள்ள உடவளவையில் வேறொரு முறையைக் கைக்கொண்டனர். எம் மனத்துக்கு உகந்ததும் இதுவே. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கன்றுகளுக்குப் பாலூட்டுவர். அதற்கு மேல் கொஞ்சிக் குலாவுவதில்லை. காண வருவோரும் தூரத்தே நிற்றல் வேண்டும். ஏறக்குறைய ஐந்து வயதானதும், ஒன்றாய் வளர்ந்த தோழர்களுடன் கூட்டமாகவே காட்டில் விடுவர். இதுவரை நூற்றுக்கு மேற்பட்டவை விடுதலை பெற்றுள்ளன. சிலவற்றின் கழுத்தில் வானொலிப் பட்டி அணிவித்து, அவை செல்லுமிடத்தை அறிந்தனர். அவ்வாறு சென்ற பெண் யானைகளுட் சில காட்டிலேயே கன்று ஈன்றுள்ளன.