வாசல்வரை வந்த மாத்திரை

1970-களின் நடுவில் வங்கதேசத்தில் ஒரு பெண் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல் பெற்றாள். ஏழை நாடு, பர்தா வழக்கம், படிக்காத பெண்கள். முதலில் வளம் வரட்டும், பிறப்பு தானாகக் குறையும் என்றே பல நிபுணர்கள் சொல்லிவந்தார்கள்.

டாக்காவுக்குத் தென்கிழக்கே மத்லப் என்ற ஊர். அங்கிருந்த காலரா ஆய்வு மையம் 1975-ல் வீடு வீடாகக் கருத்தடை மாத்திரையும் ஆணுறையும் கொடுத்துப் பார்த்தது. கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத, வயதான பெண்கள். முதலில் வாங்கியவர்களில் பலர் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் யாரைக் கேட்பது?

1977-ல் ஆட்களை மாற்றினார்கள். அதே பகுதியைச் சேர்ந்த, எட்டாவது வரையாவது படித்த, கல்யாணமான, தாங்களும் கருத்தடை முறையைப் பின்பற்றிய 80 இளம்பெண்கள் வந்தார்கள். இந்த முறை கையில் கருத்தடை ஊசியும் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டால் ஒளித்துவைக்க மாத்திரை அட்டை இல்லை. மாமியார் இருக்கும் வீட்டில் ஒரு மருமகளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கருத்தடை செய்துகொள்வோர் எண்ணிக்கை விறுவிறுவென ஏறியது. பக்கத்துக் கிராமங்களைவிட இங்கே பிறப்பு குறைந்தது. அரசும் இதே வழியில், நாடெங்கும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் ஊழியர்களை வீடுகளுக்கு அனுப்பியது. 1993-94 கணக்கெடுப்பில் சராசரி 3.4 பிள்ளைகள்.

ஆக, பெண்ணுக்குச் சம உரிமை வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அவள் வெளியே வரக்கூடாது என்ற கட்டுப்பாடு அப்படியே இருக்க, மாத்திரை உள்ளே போனது. இது பர்தாவுக்கே துணைபோன திட்டம் என்று சில ஆய்வாளர்கள் சாடினார்கள். நியாயமான குற்றச்சாட்டுதான். ஆனாலும் ஏழாவது பிரசவத்துக்கு அஞ்சி நின்றவளிடம், சமூகம் மாறட்டும், பொறு என்று சொல்லியிருக்க முடியுமா?

தட்டிக்கழித்த கணக்கு பிற்பாடு வந்து நின்றது. 2011-ல் 2.3 ஆக இருந்த சராசரி, 2022-லும் 2.3 தான். அந்த ஆண்டுக் கணக்குப்படி 20 முதல் 24 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்குப் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் முடிந்திருந்தது. புதுமணப் பெண்ணிடம் புகுந்த வீடு முதலில் எதிர்பார்ப்பது பிள்ளையை. அந்த இடத்தில் மாத்திரைக்கு வேலையில்லை.

1994 முதல் கிராமப்புற மாணவிகளுக்கு அரசு தந்த உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது: கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. மத்லப் திட்டத்தைவிடத் துணிச்சலானது இதுதான் என்பேன். அதே நாடு 2017-ல் குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டத்தில், ‘சிறப்புச் சூழ்நிலை’ என்றால் பதினெட்டுக்கு முன்பும் மணம் முடிக்கலாம் என்று வழிவிட்டது. அதற்குக் கீழ்வரம்பாக எந்த வயதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை.