இரும்பை மீட்கும் மண்ணீரல்

இடப்பக்க விலா எலும்புகளுக்கு உள்ளே, இரைப்பையை ஒட்டி, கைப்பிடி அளவில் இருக்கிறது மண்ணீரல். அது இருக்கும் நினைப்பே நமக்கு வருவதில்லை. ஆனால் உடம்பின் இரும்புக் கணக்கில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மண்ணீரலுக்குள் மிகக் குறுகலான இடுக்குகள் இருக்கின்றன. இளம் அணு வளைந்து நெளிந்து அவற்றில் புகுந்து வெளியேறிவிடும். வயதான அணு விறைத்துப் போயிருக்கும், சிக்கிக்கொள்ளும். அங்கே காத்திருக்கும் விழுங்கணுக்கள் அதைச் செரித்து, இரும்பைப் பிரித்து ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும். எலும்பு மஜ்ஜை அதைக் கொண்டு புதிய அணுக்களை உண்டாக்கும்.

சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்புதான் உடம்பில் சேர்கிறது. புது ரத்தம் ஊறவோ 20 மில்லிகிராமுக்கும் மேல் வேண்டும்! பழைய அணுக்களிலிருந்து மீட்ட இரும்புதான் அதை ஈடுகட்டுகிறது.

விபத்தில் மண்ணீரலை இழந்தவர்களுக்கு இந்த வேலையைக் கல்லீரல் ஏற்றுக்கொள்ளும். மண்ணீரல் ரத்தத்திலுள்ள கிருமிகளையும் வடிகட்டுகிறது; அந்த வேலைக்கு மட்டும் முழு மாற்று கிடையாது. அவர்கள் டாக்டரிடம் கேட்டு நிமோனியா தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.