பதவியை விட்டேன், பிடியை விடல

எங்க சபையில ஆறு வருஷம் பாடல் குழுவை நடத்தினேன். மூணு மாசம் முன்னாடி பொறுப்பை ஒரு தம்பிகிட்ட கொடுத்தேன். ஆனா வாராவாரம் பாட்டு லிஸ்ட்டை வாங்கித் திருத்திக்கிட்டே இருந்தேன்.

அப்போதான் ஹென்றி நௌவென் பற்றிப் படிச்சேன். ஹார்வர்டில் பாடம் நடத்திய கத்தோலிக்கக் குரு. 1986-ல் டொராண்டோ அருகே, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு சேர்ந்து வாழும் லார்ஷ் சமூகத்துக்குப் போனார். காலையில ஆடம் என்ற இளைஞரைக் குளிப்பாட்டி, சாப்பிட வைக்கிறது அவர் வேலை. ஆடமுக்குப் பேச்சு வராது. நௌவென் அவசரப்பட்டா சில சமயம் வலிப்பு வந்துடும். ஆக, வேகத்தை முடிவு பண்றது ஆடம்தான்.

பிலிப்பியர் 2 இயேசுவைப் பற்றிச் சொல்றதும் இந்த இறங்கி வர்றதைத்தான்.

போன ஞாயிறு கடைசி பெஞ்சில உட்கார்ந்தேன். ஒரு பாட்டு சுருதி தப்பிச்சு. கை துறுதுறுன்னுச்சு. எழுந்திருக்கல.