யாருக்கும் சொந்தமில்லாத மின்விசிறி

கொல்லிமலையிலிருந்து இறங்கி வரும் சுவேத நதி, கெங்கவல்லியை அடையும்போது ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் வெறும் மணலாகவே காட்சியளிக்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் இவ்வட்டாரத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இத்தகைய ஊரில் ஒரு கல்லூரி வளாகத்தை மனத்திலே எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஓர் அலுவலக அறை. முதல்வருக்கென்று அமைந்த தனி அறை அன்று. நாலைந்து துறையினர் கூடிப் பயன்படுத்தும் பொது அறை. ஆறு மேசைகள், நான்கு மின்விசிறிகள், மூன்று கணிப்பொறிகள், ஓர் அச்சுப்பொறி, மூலையிலே ஒரு தண்ணீர்ப் பானை. மாலை ஆறு மணி ஆகிறது, எல்லோரும் போய்விட்டார்கள். மின்விசிறி ஒன்று மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது.

அதை நிறுத்த வேண்டியவர் யார்? கடைசியாக வெளியேறியவர் என்பீர்கள். ஆனால் தாம்தான் கடைசி என்று அவர் எண்ணவில்லை. அடுத்த அறையில் இன்னும் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணினார். வீட்டிலே மின்கட்டணம் செலுத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் கண் எப்போதும் விசையின்மேல் இருக்கும். பொது அறையிலோ செலவிடுகிறவர் பலர்; செலுத்துகிறவர் கண்ணுக்குத் தெரியாத ஒருவர்.

இது எவ்வளவு பெரிய செலவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய மாதிரி மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் மின்சாரம் இழுக்கும். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை பத்து மணி வரையில் 16 மணி நேரம், அதாவது 1.2 யூனிட். அந்த மின்சாரம் நிலக்கரியால் பெற்றதாயின், முக்கால் கிலோவுக்குக் குறையாத கரி எரிந்திருக்கும். அந்தக் கரி எங்கோ கண்காணாத தேசத்தில் எரிவதன்று. நம் சேலம் மாவட்டத்து மேட்டூரிலேயே 1440 மெகாவாட் திறனுள்ள அனல் மின் நிலையம் இருக்கிறது. ஆளில்லாத அறையில் ஓர் இரவு காற்று வீசுவதற்காக, ஒரு கூடையின் அடியை மறைக்கும் அளவு கரி சாம்பலாகிப் போகிறது.

காகிதத்தின் கதையும் நமக்கு அண்மையிலேயே நடக்கிறது. கடிதம் அச்சிடும் ஏ-4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். ஐந்நூறு தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் 1962 முதல் காகித ஆலை ஒன்று இயங்கி வருகிறது. கரூர் மாவட்டத்துப் புகளூரில் கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்யும் அரசு நிறுவனம் இருக்கிறது. இரண்டும் காவிரிக் கரையில் உள்ளவை. காகிதம் செய்ய நிறைய நீர் வேண்டும். ஆகவே, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுக் கசக்கி எறியும் தாளிலே காவிரி நீரும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் சிக்கனப்படுத்த என்ன வழி? உடனே நமக்குத் தோன்றுவது சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டுவது. "மின்சாரத்தைச் சேமிப்பீர், காகிதத்தை வீணாக்காதீர்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு ஒட்டிவிடுவார்கள். (பெரும்பாலும் அதுவே வண்ண மையில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டதாய் இருக்கும்!) இந்த வழிக்குப் பயன் உண்டா என்பதைப் பின்னால் பார்ப்போம். அதற்கு முன், பலர் கூடி வாழ்ந்த ஒரு வளாகத்தின் அலுவலகத்துக்கு உங்களை அழைத்துச் செல்லுகிறேன்.

வார்தாவுக்கு அருகிலுள்ள சேவாகிராமத்துக்கு, அப்போது சேகாவ் என்று பெயர் வழங்கிய அச்சிற்றூருக்கு, காந்தியடிகள் 1936இல் குடிபெயர்ந்தார். மண்சுவர், மூங்கில், நாட்டு ஓடு ஆகியவற்றைக் கொண்டே அங்கே குடில்கள் எழுந்தன. அவருடைய குடிலை அடுத்து ஆசிரமத்தின் அலுவலகம். இராஜப் பிரதிநிதியோடு பேசத் தொலைபேசி வைத்திருந்ததும் அங்கேதான். பாம்புகளைக் கொல்லாமல் பிடித்து வெளியே விடுவதற்கான கூண்டு வைத்திருந்ததும் அங்கேதான். நாட்டின் தலைவிதியைப் பற்றிய கடிதங்கள் அந்தத் தரையில் அமர்ந்து எழுதப்பட்டன. வந்த கடிதங்களின் வெற்றுப் பின்புறத்திலும், பிரித்த உறைகளின் உட்புறத்திலும் அடிகள் குறிப்பெழுதினார் என்பது யாவரும் அறிந்த செய்தி. வறுமையினால் அவ்வாறு செய்தார் அல்லர். ஊரார் கொடுத்த பொருளுக்குத் தாம் காவலர் என்ற எண்ணத்தினால் செய்தார்.

வார்தாவிலேயே, மகன்வாடி என்ற தோட்டத்தில், 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் இயங்கியது. அதன் செயலாளராய் இருந்தவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. மண்ணெண்ணெய் விளக்குக்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கு அங்கே உருவாயிற்று. அதைப் பழமை விருப்பம் என்று நகைத்தவர்களும் உண்டு. குமரப்பாவின் வாதமோ எளிது. பூமிக்கடியிலுள்ள எண்ணெயும் கரியும் எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம். வித்திலிருந்து பிழியும் எண்ணெயோ ஆண்டுதோறும் வரும் ஓட்டம். முன்னதைக் குறைத்துப் பின்னதைக் கொண்டு வாழ்வதே நிலைக்கும் வாழ்வு என்றார். மேட்டூர்க் கரியையும் புகளூர்க் கரும்புச் சக்கையையும் இந்தக் கண்ணால் பார்த்தால் வேற்றுமை விளங்கும்.

ஆனால் மாணவ நண்பர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சேவாகிராமத்தின் சிக்கனம் ஒரு மாமனிதரின் கண்ணெதிரே நடந்த சிக்கனம். அங்கே வந்தவர்கள் விரதம் பூண்டு வந்தவர்கள். நம் பொது அறையில் வேலை செய்வோர் சம்பளத்துக்கு வந்தவர்கள்; மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் ஆத்தூருக்கோ தம்மம்பட்டிக்கோ போய்ச் சேர இரவாகிவிடும் என்ற கவலையோடு எழுந்து ஓடுகிறவர்கள். அவர்களிடம் துறவியின் விழிப்பை எதிர்பார்ப்பது நியாயம் அன்று. எதிர்பார்த்தாலும் அது கிடைக்காது.

இதற்குச் சான்று ஸ்வீடன் தேசத்திலிருந்து வருகிறது. அங்குள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நடத்திய சோதனை 2016இல் வெளியாயிற்று. காகிதத்தைக் குறைவாகப் பயன்படுத்துங்கள் என்று ஊழியர்களுக்கு வேண்டுகோள் விடுத்துப் பார்த்தார்கள். பலன் ஒன்றும் தெரியவில்லை. பின்னர் வேண்டுகோள் எதுவும் இன்றி, அச்சுப்பொறி தானாகவே தாளின் இரு பக்கமும் அச்சிடுமாறு அமைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் வேண்டுவோர் அதைத் தாமே மாற்றிக்கொள்ளலாம், தடை இல்லை. காகிதச் செலவு உடனே 15 சதவிகிதம் குறைந்தது. பல மாதங்கள் கழித்தும் அந்தக் குறைவு நீடித்தது. சுவரில் ஒட்டிய அறிவிப்பின் கதி இப்போது விளங்குகிறதல்லவா? அறிவிப்பு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மனிதனையும் நல்லவனாக்க முயலுகிறது. அமைப்போ ஒரு நாள் ஒருவர் எடுக்கும் சிரத்தையோடு நின்றுவிடுகிறது. பிறகு அது தானே வேலை செய்கிறது.

நம் நாட்டு அரசும் இந்த நுணுக்கத்தை அறிந்தே நடந்துள்ளது. 2020 ஜனவரி முதல் தேதி தொடங்கி, நட்சத்திரக் குறியிட்ட அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகை வெப்பநிலையில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஒரு பாகை உயர்த்தினால் மின்செலவு ஏறக்குறைய 6 சதவிகிதம் குறையும் என்பது கணக்கு.

அமைப்பினும் வலியது கட்டடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சீனாவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில், இங்கிலாந்து தேசத்துக் கட்டடக் கலைஞர் ஒருவர் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தார். அங்கே காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற அடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் பதிந்தது. அவர்தாம் லாரி பேக்கர். பிற்காலத்தில் இந்தியாவிலேயே தங்கி, 2007இல் திருவனந்தபுரத்தில் காலமானார். அந்நகரின் உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவருடைய கைவண்ணம். நின்ற மரங்களை வெட்டாமல், அவை விட்ட இடத்தில் கட்டடங்கள் வளைந்து செல்லுகின்றன. சன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர்கள். வெயிலின் கூச்சம் தடைப்படும், காற்று தடைப்படாது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையையும் அவர் பரப்பினார். அதில் செங்கல் ஏறக்குறையக் கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். குளிர்ச்சி தேவைப்பட்ட கணிப்பொறி நிலையத்துக்கு மட்டும் இரட்டைச் சுவர் எழுப்பினார்: வெளியே சல்லடை, உள்ளே அடைப்பு. அங்கே வேலை செய்பவர் மறதிக்காரராகவே இருக்கட்டும், சுவர் மறப்பதில்லை.

நம் கெங்கவல்லி அறையோ முன்பே கட்டியாகிவிட்ட காங்கிரீட்டுப் பெட்டி. அதை இடித்துக் கட்டுவது சிக்கனம் ஆகாது. எனினும் மொட்டை மாடிக்குக் கோடை தொடங்குமுன் வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர்போன சங்ககிரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஐந்து மைலுக்குள் இல்லை, அடிகள் மன்னிப்பாராக. மேற்குச் சுவரை ஒட்டி ஒரு வேப்பங்கன்று நடலாம். இன்று முதலாண்டு படிக்கிறவர் பட்டம் பெற்று வெளியேறும்போது அது சன்னல் உயரம் வந்திருக்கும். வாயிற்படி அருகே, அறை முழுவதற்கும் சேர்த்து ஒரே விசை வைத்துவிட்டால், பேருந்துக்கு ஓடுகிறவர் ஒரு விரலால் நான்கு மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டு ஓடலாம். பழைய மின்விசிறி பழுதாகும்போது, 30 வாட்டுக்கு மேற்படாத புதுவகை விசிறி வாங்கலாம். பழுதான கணிப்பொறியையும் மின்கலத்தையும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், அரசிடம் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். அவற்றில் ஈயம் உண்டு.

இனி எஞ்சியிருப்பது தேநீர். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் உண்டு. பெயரளவில் காகிதமே என்று பலர் அதை இன்னும் வாங்குகிறார்கள். ஆகவே எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைப்போம் என்று எல்லோரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். அப்போதுதான் உண்மையான கேள்வி எழும்: ஆறு டம்ளர்களையும் நாளைக்கு இரண்டு முறை கழுவுகிறவர் யார்? கேட்காமலே விடை தீர்மானமாகிவிடும். அறை கூட்ட வரும் அம்மாளின் தலையில் அந்த வேலை போய் விழும். அவர் சம்பளம் மட்டும் உயராது. ஊருக்கு நன்மை என்று நாம் செய்வது, அறையிலேயே மிகக் குறைந்த ஊதியம் பெறுகிறவரின் முதுகில் ஏறக் கூடாது. சேவாகிராமத்தில் பாத்திரம் கழுவுவதும் கழிப்பிடம் துப்புரவு செய்வதும் எல்லோருக்கும் பங்கான வேலைகளாய் இருந்தன.

இதற்கும் ஓர் அமைப்பு உண்டு. தண்ணீர்க் குழாயை அடுத்து ஒரு பலகையில் ஆறு ஆணிகள் அடிக்க வேண்டும்; ஆணிக்கு ஒரு பெயர்; ஆணிக்கு ஒரு கைப்பிடிக் குவளை. குடித்தவர் கழுவித் தம் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறார். கழுவாத குவளை எவருடையது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. பெயர் அங்கேயே இருக்கிறது.