மலைப்பாதையில் யார் யாருக்கு வழிவிடுவது?

துவிச்சக்கர வண்டி எமது நாட்டில் பெரும்பாலும் உழைப்போடு தொடர்புபட்ட வாகனமாகவே இருந்து வந்துள்ளது. தோட்டத்துக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் மனிதரைக் கொண்டு சேர்ப்பதே அதன் பணி. அதே வண்டியை, சென்று சேரவேண்டிய இடம் எதுவுமின்றி, காட்டுக்குள்ளும் மலைச்சரிவிலும் ஓட்டி மகிழ்வதற்கென்றே வாங்குவோரும் உலகில் ஏராளமாக உள்ளனர். இதனைப் பொழுதுபோக்கு எனக் கூறி ஒதுக்கிவிடலாம். ஆயினும், இப்பொழுதுபோக்கு பிறந்த மண்ணிலேயே சுமார் நாற்பது ஆண்டுகளாக அதன் பொருட்டு ஒரு வழக்கு நடந்து வருகின்றது. பொதுப்பாதை யாருக்குரியது, அதில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதே அவ்வழக்கு. நிலத்தையும் நீரையும் பாதையையும் பிறரோடு பகிர்ந்து வாழும் எந்தச் சமூகத்துக்கும் அது அந்நியமான கேள்வியல்ல.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, கோல்டன் கேட் பாலத்தைக் கடந்ததும் மரின் மாவட்டம் ஆரம்பமாகின்றது. 784 மீற்றர் உயரமான டமல்பைஸ் மலை அங்குதான் உள்ளது. 1970களில் அப்பகுதி இளைஞர்கள் சிலர், 1930களிலும் 40களிலும் தயாரிக்கப்பட்ட, பருத்த ரயர்களைக் கொண்ட பழைய வண்டிகளைத் தேடியெடுத்துத் திருத்தி, காட்டுத்தீயை அணைக்கும் வாகனங்களுக்காக வெட்டப்பட்டிருந்த மண் வீதிகளில் ஓட்டத் தொடங்கினர். 1976 ஒக்டோபர் 21ஆம் திகதி பெயார்பக்ஸ் என்ற சிறுநகருக்கு அருகே அவர்கள் முதலாவது போட்டியை நடத்தினர். சுமார் மூன்றரைக் கிலோமீற்றர் தூரத்துக்குள் 400 மீற்றர் வரையில் கீழிறங்கும் பாதை அது. பின்சக்கரக் குடத்தினுள் இருந்த பிரேக், இறங்கும்போது சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் புகையாகிப் போய்விடும். ஓட்டம் முடிந்ததும் அதனைக் கழற்றி மீண்டும் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தது. 'மீள அடைத்தல்' என்ற பொருளில் 'றீபக்' என்பதே அப்பாதையின் பெயராயிற்று.

1977இல் ஜோ பிறீஸ் என்பவர் இத்தேவைக்கெனவே புதிய சட்டகம் ஒன்றை வடிவமைத்தார். 1979இல் கரி பிஷரும் சார்லி கெலியும், டொம் றிச்சி அமைத்த சட்டகங்களைக் கொண்டு, 'மலை வண்டி' என்ற பெயரிலேயே வியாபாரம் ஆரம்பித்தனர். 1981இல் தொழிற்சாலையில் பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்ட வண்டி சந்தைக்கு வந்தது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பதக்கத்துக்குரிய போட்டியாகச் சேர்க்கப்பட்டது. இருபதே ஆண்டுகளில் நிகழ்ந்த வளர்ச்சி இது.

ஆனால், இவ்வண்டியை ஓட்டுவோரில் மிகப் பெரும்பாலானோர் போட்டியாளர்கள் அல்லர். வாரத்தில் ஐந்து நாட்கள் அலுவலகத்திலோ பாடசாலையிலோ கடையிலோ பணிபுரியும் சாதாரண மக்களே அவர்கள். அத்தகைய ஒருவரின் ஞாயிறு காலை, ரயரின் காற்றைச் சரிபார்ப்பதுடன் ஆரம்பமாகும். தார் வீதியில் ஓடும் மெல்லிய ரயருக்குக் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும். மண்ணிலும் கல்லிலும் ஓடும் அகன்ற ரயருக்கோ அதில் மூன்றிலொரு பங்கு அளவே போதுமானது. சற்றுத் தளர்ந்த ரயரே நிலத்தைப் பற்றிப் பிடிக்கும். பின்னர் ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ வியர்வை சிந்தி ஏற்றம். அதன் பலனாகக் கால் மணித்தியால இறக்கம். இவ்விளையாட்டின் காலக்கணக்கு இதுதான். இடையில் உடலில் அரிப்பை உண்டாக்கும் நச்சு ஓக் செடியையும், நோய் பரப்பும் உண்ணிகளையும் தவிர்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் சூரியன் மறைவதற்குள் நீரேந்து பிரதேசத்தை விட்டு வெளியேறிவிடவும் வேண்டும்.

இதிலும் முக்கியமானது, அவர் எங்கே ஓட்டலாம் என்பதாகும். டமல்பைஸ் மலையும் அதன் சுற்றுப்புறமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. மாநிலப் பூங்கா, மாவட்டப் பூங்காத் திணைக்களம், மத்திய அரசின் பூங்காச் சேவை, 1912இல் நிறுவப்பட்ட மரின் நீர்வழங்கல் சபை என நான்கு அதிகாரங்கள் அங்குண்டு. அகலமான தீயணைப்பு வீதிகளில் பொதுவாக வண்டிகளுக்கு அனுமதியுண்டு. ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் மாத்திரமே உரியவை. வண்டியின் வேகம் மணிக்கு 15 மைலை, அதாவது 24 கிலோமீற்றரைத் தாண்டலாகாது. கண்ணுக்குப் புலப்படாத திருப்பங்களிலும் பிறரைக் கடக்கும்போதும் அது 5 மைலாகக் குறைய வேண்டும். மலை வண்டி பிறந்த ஊரிலேயே மலையின் மிகச் சிறந்த பாதைகள் அதற்கு மூடப்பட்டிருப்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

இத்தடைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பாதுகாப்பு. தோள் அகலப் பாதையில் நடந்து செல்லும் முதியவர் ஒருவருக்கு, பின்னாலிருந்து ஓசையின்றி வரும் வண்டி உண்மையிலேயே அச்சமூட்டுவது. குதிரை மிரண்டால் அதன்மீது அமர்ந்திருப்பவருக்கு உயிராபத்து. மற்றையது, மண்ணரிப்பு. இவ்விடயத்தில் ஆய்வுகள் கூறுவது பொதுவான நம்பிக்கைக்குச் சற்று மாறானது. மொன்டானா மாநிலத்தில் மேற்கொள்ளப்பட்டு 1994இல் வெளியான ஆய்வொன்று, ஈரமாக்கப்பட்ட பாதைகளில் சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்புகளும் மனிதக் காலடிகளுமே அதிக மண்ணைப் பெயர்த்தன என்று காட்டியது. எனினும் இதனைக் கொண்டு சக்கரம் தீங்கற்றது என முடிவு கட்டிவிட முடியாது. காலடி விட்டுவிட்டுப் பதிகின்றது. சக்கரமோ தொடர்ச்சியான கோடாகப் பதிந்து, மழைநீர் ஓடும் வாய்க்காலாகிவிடுகின்றது. நடப்பவரைவிடப் பலமடங்கு தூரத்தை வண்டி ஒரே நாளில் கடந்து விடுகின்றது என்பதும் கவனிக்கத்தக்கது.

ஆகவேதான் பொறுப்புள்ள ஓட்டுநர்கள் கனமழை பெய்து மண் காயும்வரை வண்டியை வெளியே எடுப்பதில்லை. 1990களின் நடுப்பகுதியில் மரின் மாவட்டத்திலேயே முதன்முதலாக அவதானிக்கப்பட்ட, ஓக் இன மரங்களைக் கொல்லும் நோயொன்றின் கிருமி, சப்பாத்திலும் ரயரிலும் ஒட்டும் சேற்றின் மூலமும் பரவக்கூடியது. எனவே வீடு திரும்புமுன் ரயரைக் கழுவுவதும் ஒரு கடமையாகின்றது. இதற்கும் மேலாக, விடுமுறை நாட்களில் மண்வெட்டியும் கையுமாகப் பாதை திருத்தச் செல்லும் தொண்டர்களும் அவர்களிடையே உள்ளனர். பாதையின் வெளிப்புறத்தைச் சற்றுச் சரிவாக்கி, இடையிடையே தாழ்வுகளை அமைத்துவிட்டால், நீர் பாதை வழியே ஓடாமல் குறுக்கே வழிந்து போய்விடும். எளிமையான இவ்வேலையே ஒரு பாதையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றது.

பிணக்கு முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. 1984இல் அமெரிக்க வனச்சேவை, சட்டத்தினால் பாதுகாக்கப்பட்ட வனாந்தரப் பகுதிகளில் துவிச்சக்கர வண்டியைத் தடை செய்தது. 1988இல் கலிபோர்னியக் கழகங்கள் சில இணைந்து, பாதை உரிமைக்காகக் குரல் கொடுப்பதும் ஓட்டுநருக்கு ஒழுங்கு கற்பிப்பதுமான சர்வதேச அமைப்பொன்றை உருவாக்கின. 2024இல் மரின் நீர்வழங்கல் சபை, ஒற்றையடிப் பாதைகள் சிலவற்றைப் பரீட்சார்த்தமாக வண்டிகளுக்குத் திறப்பதற்குத் தீர்மானித்தபோது, சூழல் பாதுகாப்பு அமைப்புகள் அதனை எதிர்த்து நீதிமன்றத்தை நாடின. மின்மோட்டார் பொருத்திய வண்டிகளின் வருகை பிணக்கை மேலும் சிக்கலாக்கியுள்ளது. இரு தரப்பிலும் மலையை நேசிப்போரே நிற்கின்றனர் என்பதுதான் இதன் சிக்கல்.

எவ்வாறாயினும், நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமல் ஒவ்வொரு நாளும் அப்பாதைகளில் ஓர் ஒழுங்கு நிலவுகின்றது. வண்டியில் வருபவர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். வண்டியில் வருபவரும் நடப்பவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும். குதிரையைக் கண்டால் பாதையின் தாழ்வான பக்கம் ஒதுங்கி நின்று, வந்திருப்பது மனிதன்தான் என அது அறியும்படி ஓரிரு வார்த்தை பேச வேண்டும். கீழே இறங்குபவர், மூச்சிரைக்க ஏறி வருபவருக்கு இடமளிக்க வேண்டும். இவ்விதிகளின் அடிப்படை ஒன்றே. வேகமும் வசதியும் யாரிடம் அதிகமாக உள்ளதோ, அவரே முதலில் நிற்க வேண்டும்.

எல்லாத் திருப்பங்களிலும் காவலர் ஒருவரை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. ஒருவருடைய பொறுப்பற்ற வேகம், மறுநாள் எல்லோருக்கும் பாதையை மூடச் செய்துவிடும். முன்பின் அறியாத ஒருவர் நின்று வழிவிட்டுச் சொல்லும் காலை வணக்கமோ, மூடப்பட இருந்த பாதையையும் திறந்து வைக்கக்கூடும். பொதுச் சொத்து எதுவாயினும் அது சட்டப் புத்தகத்தினால் மாத்திரம் நிலைப்பதில்லை. வலிமையுள்ளவர் எவ்விடத்தில் பிரேக்கை அழுத்துகின்றார் என்பதிலேயே அதன் எதிர்காலம் தங்கியுள்ளது.